தாய்மாமனைக் கேட்காமல்

புந்தோங், ஈப்போ.
20.8.1985

அன்புள்ள தம்பி ஐயாவுக்கு,

உன் அக்கா செல்லாயி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் மகள் வீரம்மாவும் சுகம். உன் சுகம் எப்படியென்று நீ எழுதினால்தான் தெரியும். நீயோ அதை ஒரு வரியில் முடித்துவிட்டு மெஷினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். எடின்பரோவில் ஆவணி மாதத்திலும் குளிர் என்கிறாய். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், அலமாரியில் மடித்து வைத்து அழகு பார்க்காதே.

தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்ல வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் சொந்தத் தம்பி கடிதம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது. ‘செயற்கை அறிவு’ என்று எழுதியிருக்கிறாய். செயற்கைப் பூ தெரியும், பாசாரில் வாங்கி சாமி படத்துக்குப் போடுகிறோம், வாடாது, மணக்கவும் மணக்காது. அறிவில் எப்படியடா செயற்கை? உன் மச்சானிடம் கேட்டேன். “நம்ம தோட்டத்து ஆபீஸுல கணக்கெழுதுன பெரிய கிராணிக்கு இருந்துச்சே, அதா இருக்கும்லா” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன் பார்.

எனக்கு விளங்கிய மட்டும் திருப்பி எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. நம் அரசாங்கத்துக்கு இந்தப் புது அறிவில் கொஞ்சம் பணம் போட ஆசை. ஆனால் எதில் போடுவது என்று மந்திரிக்கும் தெரியாது, மந்திரிக்குக் கீழே இருப்பவர்களுக்கும் தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறவர்களில் சிலரைச் சேர்த்து, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நீயும் ஒரு ஆள். நீங்கள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் எந்த ஆராய்ச்சிக்குப் பணம், எந்தப் பிள்ளைகளை எதைப் படிக்க அனுப்புவது என்றெல்லாம் முடிவாகும். பங்குனியில் கோலாலம்பூரில் கடைசிக் கூட்டம், அதற்கு நீ வருகிறாய். சரிதானா?

சரியென்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை தம்பி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுச் சங்கு ஊதினாலும் எழுந்திருக்காத பயல் அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லப் போகிறான். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். நான் சந்தோஷப்படாமல் யார் படுவது?

குழுவில் இரண்டு கட்சி என்று எழுதியிருந்தாய். பேராசிரியர் குலசிங்கம், நம் ஈப்போ யாழ்ப்பாணத்துக் குடும்பத்து ஆள், வைத்தியம் சொல்லும் மெஷினுக்குத்தான் முதலிடம் என்கிறாராம். டாக்டர் போகாத இடத்தில் அது கேள்வி கேட்டு நோயைக் கண்டுபிடிக்கும் என்கிறாராம். நீயோ, கண் போலப் பொருளைப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கும் மெஷினுக்குத்தான் என்கிறாய். நான் சொல்வதைக் கோபித்துக்கொள்ளாதே, எனக்குக் குலசிங்கம் சொல்வதுதான் நல்லதாகப் படுகிறது. நம் தோட்டத்தில் வயிற்று வலி என்று போனாலும் தலைவலி என்று போனாலும் டிரஸர் ஒரே மருந்தைத்தான் ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அப்படி ஒரு மெஷின் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளோ என்னவோ. ஆனால் உன் மெஷினும் கண் சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு அதிலும் ஆசைதான். ஏனென்று சொல்கிறேன்.

வீரம்மா அந்த அமெரிக்கன் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிப் பார்க்கிற வேலையில்தானே இருக்கிறாள். இப்போது சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்கைப் பார்க்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. எதிரே வருகிற பஸ் இரண்டாகத் தெரிகிறது என்கிறாள். பார்க்கும் மெஷினை நீ செய்கிறாய் என்றதும், அவள் கண்ணுக்கு ஒரு விடிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாரத்தை மாட்டுக்குப் பதில் லாரி சுமப்பது போல, அவள் கண் சுமப்பதை மெஷின் சுமக்கும்.

நீ கேட்டிருந்த காரியத்தை முடித்துவிட்டேன். கெட்டுப்போன சிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வீரம்மாவிடம் கேட்டு எழுதச் சொன்னாய் அல்லவா? ஒருத்தியிடம் ஏன் கேட்க வேண்டும் என்று அவள் லைனில் வேலை செய்கிற பெண்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். ரோஹானி என்று ஒரு மலாய்ப் பெண், வீரம்மாவுக்கு உயிர்த்தோழி. அவள் ஹலால் பார்ப்பவள் என்று கோழி எடுக்காமல் மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒருத்திக்கு மேல் ஒருத்தி சொன்னார்கள். தங்கக் கம்பி தலைமயிரை விட மெல்லிசாக இருக்குமாம். அது தூக்கிக்கொண்டிருந்தால் கெட்டது. பக்கத்துக் கம்பியில் சாய்ந்திருந்தால் கெட்டது. ஓரத்தில் கீறல் இருந்தால், எண்ணெய்த் துளி போல கறை இருந்தால் கெட்டது. வீரம்மா ஒன்று சொன்னாள்: பார்த்தவுடனே “இது சரியில்ல”ன்னு மனசு சொல்லிவிடும், ஏன் சரியில்லை என்று பிறகுதான் தேடுவாளாம். ரோஹானி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பார்த்தால் தப்பு வராது என்றாள். அதையும் எழுதுகிறேன். உன் மெஷினுக்குப் பாட்டு வருமா என்று நீயே பார்த்துக்கொள்.

மாமா கேட்டார் என்றதும் அந்தப் பெண்களுக்கு வந்த உற்சாகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இதுவரை அவர்களை யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். காம்பாரிலிருந்து வீரம்மாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் ஜெயபாலன், பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர், குடியில்லை. அவன் அம்மா மாரியம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசுகிறாள். ஃபேக்டரி வேலையில் இருக்கிற பெண் என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தை பிறந்ததும் பரிசம் போடலாம் என்கிறார்கள். தாய்மாமன் உன்னைக் கேட்காமல் நான் தலையாட்டவில்லை. உன் சம்மதத்தை எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா,
செல்லாயி


புந்தோங், ஈப்போ.
24.11.1985

அன்புள்ள ஐயாவுக்கு,

அக்கா எழுதுவது. தீபாவளி வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. உன் மச்சானுக்கு ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை நின்றுவிட்டது. லண்டனில் ஈயம் விற்கிற சந்தையை மூடிவிட்டார்களாம், வாங்க ஆளில்லையாம். பத்து காஜா பக்கம் லம்பம் லம்பமாகப் பம்பை நிறுத்திவிட்டார்கள். நேற்று வரை தோண்டி எடுத்த ஈயம் இன்றைக்கு எப்படி வேண்டாததாகப் போகும்? நீ லண்டனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாய், விசாரித்து எழுது என்று அவர் சொல்கிறார். எடின்பரோ வேறு, லண்டன் வேறு என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்பதில்லை. வாசலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது வீட்டில் அடுப்பெரிவது வீரம்மாவின் சம்பளத்தில்தான்.

உன் கடிதம் வந்தது. பெண்கள் சொன்னதெல்லாம் பொன்னான விஷயம் என்று எழுதியிருந்தாய். அறிக்கையின் கடைசியில் ‘ஈப்போ தொழிலாளர்கள் கூறியவை’ என்று தனியாகச் சேர்த்திருப்பதாகவும், குழுவில் மற்றவர்கள் படித்து அசந்துபோனதாகவும், குலசிங்கம் கூட இறங்கி வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். வீரம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாங்க பாக்குறத அந்த மெஷின் பாத்துச்சுன்னா, நாங்க எதப் பாக்குறது?” என்று கேட்டாள்.

தம்பி, அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. நான் கண்ணை மட்டும்தான் நினைத்தேன். கண்ணுக்குப் பின்னால் ஆள் இருப்பதை நினைக்கவில்லை. லாரி வந்த பிறகு மாட்டை என்ன செய்தார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா?

ஃபேக்டரியில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் மெஷின் வரும், மைக்ராஸ்கோப் பாதி குறையும் என்று சூப்பர்வைசர் வாய் தவறிச் சொன்னானாம். அது லைன் முழுக்கப் பரவிவிட்டது. ரோஹானி வந்திருந்தாள். என்னை அத்தை முறை வைத்து மக்சிக் என்றுதான் கூப்பிடுவாள். “மக்சிக், உங்க தம்பி அன்னிக்குக் கேட்டது இதுக்குத்தானா?” என்று மலாயில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள். என் தம்பி அறிக்கையை இன்னும் கொடுக்கவே இல்லை, அதற்குள் அவன் மெஷின் எப்படி வரும் என்று கணக்குச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தேநீர் குடிக்கவில்லை, அவசரம் என்று போய்விட்டாள்.

நான் சொன்னது நியாயம்தானே? அந்த மெஷின் வேறு எங்கோ செய்தது, உன்னுடையது இன்னும் பேப்பரில் இருக்கிறது. இருந்தாலும் என் மனது ஒப்பவில்லை. மீன் குழம்பு ஊற்றி அந்தப் பெண்கள் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கிக் கொடுத்தது நான்தானே. உன் மேல் கோபப்படுவதா, என் மேல் கோபப்படுவதா, அல்லது இதில் கோபப்பட ஒன்றுமே இல்லையா என்று தெரியவில்லை.

நீ எழுதியிருந்ததை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். நாம் செய்யாவிட்டாலும் மெஷின் வரத்தான் போகிறது, ஜப்பான்காரன் செய்து விற்பான், நம் பிள்ளைகள் அதைச் செய்யக் கற்றுக்கொண்டால்தான் கடிவாளம் நம் கையில் கொஞ்சமாவது இருக்கும் என்று எழுதியிருந்தாய். அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு, “தம்பி சொல்றது சரிதான்லா. லம்பத்தை லண்டன்காரன் மூடுனான், நம்ம கையில என்ன இருந்துச்சு?” என்றார். அவர் சொல்லும்போது எனக்கும் சரியென்று படுகிறது. வீரம்மா சொல்லும்போது அதுவும் சரியென்று படுகிறது. இரண்டும் சரியாக இருந்தால் நான் யார் பக்கம் நிற்பது?

இதில் கண் விஷயம் வேறு. பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு சீனப் பெண், நல்ல மாதிரி. இந்த வேலையை இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணாடியின் கனம் ஏறிக்கொண்டே போகும் என்றாள். கண்ணாடி வாங்கியாயிற்று. காம்பார்க்காரர்கள் வருகிற அன்று மட்டும் கழற்றி வைக்கச் சொன்னேன். வீரம்மா மாட்டேன் என்றாள், கட்டிக்கொண்ட பிறகு தெரிந்தால் என்ன செய்வாய் என்று என்னையே கேட்கிறாள். வேலை இருந்தால் கண் போகிறது. கண்ணைக் காப்பாற்றினால் வேலை போகிறது. வேலை போனால் அந்த நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அவள் எந்த வீட்டு அடுப்பைப் பார்ப்பாள்?

மாரியம்மா பாசாரில் என்னைப் பார்த்தாள். ஃபேக்டரியில் ஆள் குறைக்கிறார்களாமே என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். அதெல்லாம் சும்மா பேச்சு என்றேன். நான் பொய் சொன்னேனா என்பதும் எனக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும் திட்டி எழுத வேண்டும். பரிசத்தைப் பற்றி, ‘நான் தூரத்தில் இருக்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள் அக்கா’ என்று ஒரு வரி எழுதிவிட்டாய். அப்படியெல்லாம் தள்ளிவிட முடியாது. நீ மறுத்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பதற்காகவா உன்னைக் கேட்கிறோம்? கேட்பதுதான் மரியாதை. பெண்ணுக்கு இவன் ஒருவன் இருக்கிறான், அவனைத் தாண்டி யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். படித்தவனுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்கா,
செல்லாயி


புந்தோங், ஈப்போ.
2.2.1986

அன்புத் தம்பி ஐயாவுக்கு,

செல்லாயி எழுதுவது. பரிசத்துக்கு முழுச் சம்மதம் என்று நீ எழுதிய கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. சந்தோஷம். ஆனால் அது வந்த நேரம் சரியில்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் ஃபேக்டரியில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ரோஹானியை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு நம் வீட்டில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். வீரம்மாவை இன்னும் வைத்திருக்கிறார்கள். அவள் போகிற ஃபேக்டரி பஸ்ஸில் இப்போது உட்கார இடம் கிடைக்கிறது. மெஷின் வந்ததால் நிறுத்தினார்களா, ஆர்டர் குறைந்ததால் நிறுத்தினார்களா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உன் மச்சான் உலகம் முழுக்க மந்தம் என்று ரேடியோ சொன்னதைச் சொல்கிறார். பெண்கள் மெஷின் என்கிறார்கள். ஃபேக்டரிக்காரன் ஒன்றுமே சொல்லவில்லை, கையில் உறையைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோயிலுக்குப் போனேன். உனக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். சன்னிதியில் நின்றதும் என்ன கேட்பது என்றே தெரியவில்லை தம்பி. உன் யோசனைதான் குழுவில் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டால், வீரம்மாவுக்கு எதிராகக் கேட்டதாக ஆகிவிடும். தோற்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வருமா? குலசிங்கத்தின் வைத்திய மெஷின் ஜெயிக்கட்டும் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். அப்புறம், அந்த மெஷின் வந்தால் ஏதோ ஒரு தோட்டத்து டிரஸருக்கு வேலை போகுமே, அவனுக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருப்பாளே என்று தோன்றியது. பின்னால் கூட்டம் தள்ளுகிறது. உனக்குத் தெரியாதா முருகா என்று சொல்லிவிட்டுப் பாலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறு நாள் காம்பாரிலிருந்து மாரியம்மா வந்தாள். பையன் வரவில்லை. பலகாரம் சாப்பிட்டாள், வீரம்மாவின் கண்ணாடியைப் பார்த்தாள். தையில் வேண்டாம், பங்குனியில் பார்க்கலாம் என்றாள். ஏன் என்றேன். “தாய்மாமன் நேர்ல இல்லாம பரிசம் போட்டா நல்லாவா இருக்கும்? அவரும் வரட்டும்” என்றாள். உன் கடிதத்தைக் காட்டினேன். கடிதம் வேறு, ஆள் வேறு என்றாள். முறையைத்தான் சொல்கிறாள், அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பங்குனிக்குள் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் அல்லவா, அதற்காகத்தான் நாள் கடத்துகிறாள். எனக்கு அழுகையாக வந்தது. அவள் போகும் வரை அழவில்லை.

அவள் போனதும் வீரம்மாவைச் சமாதானப்படுத்தினேன். மாமாவை நேரில் கேட்டுச் செய்வதுதான் முறை, நல்லதுக்குத்தான் என்று சொன்னேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். “என் பரிசத்துக்கு மாமாவக் கேக்கணும். சரிம்மா. மாமா எழுதுறது என் சோறு சம்பந்தப்பட்டது. அதுக்கு என்னைக் கேக்க வேணாமா?” என்றாள்.

கேட்டானே, ஆவணியில் கேட்டானே, நீங்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சொன்னீர்களே என்றேன். அதற்கு அவள், “எப்படிப் பாக்குறேன்னு கேட்டாரு. மெஷின் வரட்டுமான்னு கேக்கலையே” என்றாள்.

நான் உன் பக்கம் பேச வாயெடுத்தேன். பிறகு மாரியம்மா சாப்பிட்ட பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் கிராணி நின்று, ரப்பரில் லாபமில்லை, கித்தா மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறோம், மரம் சீவிப் பால் எடுக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலையில்லை என்று சொன்னான். லண்டனில் இருக்கிற கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததாம். அந்தக் கடிதத்தை எழுதியவனை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அவன் எப்படி இருப்பான் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைக்கிறேன். அவனும் நன்றாகப் படித்தவனாக, நல்லவனாகத்தான் இருந்திருப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள், என் தம்பி மலாயாத் தோட்டங்களுக்குப் புத்தி சொல்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். இப்படி எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள், ஆனால் தோன்றிவிட்டது, இனி மறைக்க முடியாது.

உன்னை அவனோடு சேர்க்கவில்லை. நீ எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டவன். அவன் யாருக்கும் எழுதவில்லை. அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம் என்றுதான் நம்புகிறேன். ஆனால் பாதிக் கேள்வி கேட்டுவிட்டு மீதியைக் கேட்காமல் விட்டுவிட்டாய்.

சரி, அந்த யோசனையை எழுதாதே என்று சொல்லலாமென்றால், உன் படிப்பு, உன் பெயர், நீ அந்தக் குளிரில் கிடந்து பட்ட பாடு எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. எழுது என்று சொல்லலாமென்றால் இவள் கண்ணாடியோடு முன்னால் நிற்கிறாள். எழுது என்றும் சொல்ல மாட்டேன், எழுதாதே என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த அறிவு இல்லை, செயற்கையாகவும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த முறையை மட்டும் சொல்கிறேன். நம் வீட்டில் தாய்மாமனைக் கேட்காமல் பெண்ணின் காரியத்தை முடிப்பதில்லை. அப்படியானால் பெண்ணைக் கேட்காமல் தாய்மாமனும் அவள் காரியத்தை முடிக்கக் கூடாது. கோலாலம்பூருக்குப் போகும் முன் நீ ஈப்போவுக்கு வா. இந்தக் கூடத்தில் உட்கார்ந்து வரட்டுமா என்று அவர்களைக் கேள். திட்டினால் வாங்கிக்கொள். மெஷின் வந்தால் அவர்களுக்கு என்ன வழி என்று அவர்கள் கேட்டால், தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். பிறகு போய் உன் மனசாட்சிக்குச் சரியென்று பட்டதை எழுது.

குலசிங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது. மீன் குழம்பு யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் பிடிக்கும்.


9.2.1986

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டு ஒரு வாரம் தபாலில் போடாமல் இருந்தேன். மிகவும் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று கிழித்துப் போடக்கூட நினைத்தேன். உன் மச்சான், “அக்கா எழுதுனதுதான, போடு, படிச்ச புள்ளைக்கு விளங்கும்லா” என்றார். அதனால் போடுகிறேன். அவருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் புல் வெட்டுகிற வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அவரும் உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறார்.

தாய்மாமன் பரிசத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வரக் கூடாது, சீர் கொண்டு வர வேண்டும். புடவை வேண்டாம், வளையலும் வேண்டாம், இந்தப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு போய் எழுதிய அறிக்கையே போதும் சீராக. எதை எழுதினாலும் உன் கை நன்றாக இருக்கட்டும். முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

வருகிற நாளை முன்கூட்டி எழுத வேண்டும் என்று சொல்ல நினைத்தேன், ஏனென்றால் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்தப் பெண்கள் சேர்ந்து இருப்பார்கள். இனி அது தேவையில்லை. எந்தக் கிழமை வேண்டுமானாலும் வா. எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து வீரம்மாவும்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
செல்லாயி